அம்பாசிடர் மார்க் 4: பின்சீட்டுக்காரர்களின் கார்

தக்கலையில் எங்கள் வீட்டு ஷெட்டில் இரண்டு கார்கள் நிற்கின்றன. ஒன்று அப்பா வாங்கிய அம்பாசிடர் மார்க் 4, பெட்ரோல். இன்னொன்று நான் வாங்கிய புது ஹேட்ச்பேக். பழைய காரைப் பற்றிப் பேச்சு வந்தாலே 'அந்தக் காலத்து இரும்பு' என்று ஆரம்பித்துவிடுவார்கள். அந்த இரும்பில் எனக்கு நம்பிக்கை இல்லை. மோதினால் நசுங்கி அடியை வாங்கிக்கொள்ள வேண்டியது காரின் முன்பக்கம். அது நசுங்காவிட்டால் அடி நம் நெஞ்சுக்கு வரும். மார்க் 4-இல் ஏர்பேக் இல்லை, திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இல்லை, நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். பாதுகாப்பு என்று பார்த்தால் என் ஓட்டு புது காருக்குத்தான்.

அப்புறம் ஏன் இதை விற்கவில்லை? பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும்.

சீட் கிட்டத்தட்ட நாற்காலி உயரம். கதவு தாராளமாகத் திறக்கும். முழங்கால் வலியுள்ள என் அம்மா முதலில் உட்கார்ந்துவிட்டு, பிறகு காலை எடுத்து உள்ளே வைத்துக்கொள்வார். என் காரிலிருந்து அவர் எழுந்திருக்க ஒரு ஆள் கை கொடுக்க வேண்டும். அக்கா வீட்டு எஸ்யூவியில் ஏற ஸ்டூல் வேண்டும். சுசீந்திரம் பக்கம் கல்யாணம் என்றால் அம்மா "மக்களே, பெரிய காரையே எடு" என்பார். பட்டுச்சேலை கசங்காது, தலையில் வைத்த தோவாளைப் பிச்சிப்பூ கூரையில் உரசாது, பின்னால் மூன்று பெரியவர்கள் தோள் இடிக்காமல் இருக்கலாம்.

அம்பாசிடரின் மூல வடிவம் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 கார். மேற்கு வங்கத்தின் உத்தர்பாரா தொழிற்சாலையிலிருந்து 2014 வரை ஏறக்குறைய அதே உருவத்தில் வந்துகொண்டிருந்தது. மந்திரி, கலெக்டர், டாக்டர் என்று இதை வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் பின்னால்தான் உட்கார்ந்தார்கள். இன்றைய காரில் திரை, கேமரா, பட்டன் எல்லாம் டிரைவரைச் சுற்றியே. பின்னால் இருப்பவருக்குக் கிடைப்பது ஒரு ஏசி துவாரம், அதுவும் எல்லா மாடலிலும் கிடையாது.

ஓட்டுகிறவர் பாடு வேறு. கியர் ஸ்டீயரிங் தண்டில் இருக்கிறது, லைட்டை டிம் செய்ய இடது காலால் தரையில் மிதிக்க வேண்டும். பவர் ஸ்டீயரிங் இல்லாததால் மார்த்தாண்டம் சந்தை நெரிசலில் வண்டியைத் திருப்பி நிறுத்துவதற்குள் தோள் கழன்றுவிடும். 1489 சிசி எஞ்சின் லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் கொடுத்தால் அதுவே பெரிது. ஆனால் ஆடி மாதம் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது என் ஹேட்ச்பேக் ஒதுங்குகிற அளவுக்கு இது ஒதுங்குவதில்லை. கனமான வண்டி.

வாங்க நினைப்பவர்கள் பெயிண்டைப் பார்த்து மயங்க வேண்டாம். மிதியடியைத் தூக்கித் தரைத் தகட்டைத் தட்டிப் பாருங்கள். கதவின் அடி விளிம்பையும் டிக்கியின் தரையையும் விரலால் தடவிப் பாருங்கள். குளச்சல், முட்டம் பக்கம் ஓடிய வண்டியென்றால் இன்னும் கவனம். உப்புக்காற்று உள்ளிருந்து அரித்திருக்கும். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் குழாயும் பெட்ரோல் பம்புக்குள் இருக்கும் சவ்வான டயாபிரமும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல, மாற்றிவிடுவது நல்லது. ரப்பர் விளைகிற மாவட்டத்தில் இருந்துகொண்டு சரியான ரப்பர் குழாய்க்கு அலைகிறோம் என்பது தனிக் கதை. பதினைந்து வருடம் தாண்டிய வண்டி என்பதால் ஆர்சி எதுவரை புதுப்பிக்கப்பட்டிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

தினமும் நாகர்கோவிலுக்கு ஆபீஸ் போய்வர இது வேண்டவே வேண்டாம். வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்கள், நிறுத்த நிழல் இருக்கிறது, பக்கத்தில் கார்புரேட்டர் கழற்றத் தெரிந்த மெக்கானிக் இருக்கிறார் என்றால் தாராளமாகத் தேடலாம். பெட்ரோலாகவே பாருங்கள். டீசல் எஞ்சின் போடுகிற சத்தத்தில் பின்சீட்டில் இருப்பவர்கள் பேசிக்கொள்ள முடியாது.