இழுக்காத மெயின் டிரெய்ன்: பழைய குளத்தோடு ஆறு வருடம்

வீட்டோடு சேர்ந்து வந்த நீச்சல் குளம் இது. பைப் எந்த வழியாகப் போகிறது என்று முன்பு இருந்தவர்கள் ஒரு கிறுக்கல்கூட விட்டுப்போகவில்லை. தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கும். ஆழமான பக்கத்துத் தரையில் மட்டும் அழுக்கு போகவே போகாது. இரண்டு வருடம் பம்பைச் சந்தேகப்பட்டேன். அதன் மூடியின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்), ஃபில்டர் மணல் எல்லாம் மாற்றியதுதான் மிச்சம்.

விஷயம் ஸ்கிம்மருக்குள் இருந்தது, அதாவது மேலே மிதக்கும் குப்பையை இழுத்துக்கொள்ளும் சுவர்ப் பெட்டிக்குள். கூடையைத் தூக்கினால் அடியில் இரண்டு ஓட்டைகள். பழைய குளங்கள் பலவற்றில் ஒன்று பம்புக்குப் போகும், இன்னொன்று மெயின் டிரெய்னுக்கு, அதாவது தரையிலிருந்து தண்ணீரை இழுக்கும் வாய்க்கு. டிரெய்னுக்கென்று தனி வால்வே கிடையாது. நானோ அதைப் பம்பு அறையில் தேடிக்கொண்டிருந்தேன்! இரண்டு ஓட்டைகளையும் சேர்த்து மூடும் மிதவைத் தட்டு ஒன்று இருந்தால்தான் பம்பு கீழிருந்து நன்றாக இழுக்கும். எங்கள் குளத்தில் அந்தத் தட்டு காணாமல் போயிருந்தது.

தட்டை வாங்கிப் போட்டேன். பம்பு மூச்சு திணறியது. பம்பின் கூடையில் தண்ணீர் இறங்கி ஒரே குமிழி. சரி, டிரெய்ன் பைப்பிலும் அடைப்பு. எந்த ஓட்டை எது என்று தெரிய ஒரு துண்டு நூலைத் தொங்கவிட்டேன். நூலை உள்ளே இழுப்பது பம்பு ஓட்டை. கையை வைத்துப் பார்க்காதீர்கள், இழுவிசை பொல்லாதது.

பம்பை நிறுத்திவிட்டு, தோட்டத்துக் குழாயில் மாட்டும் ரப்பர் பையை மற்ற ஓட்டையில் செருகினேன். தண்ணீர் விட்டதும் பை உப்பிப் பைப்பை அடைத்துக்கொண்டு, நுனி வழியாகப் பீய்ச்சும். ஐந்தாறு நிமிடம் ஒன்றுமில்லை. அப்புறம் பைப் ஒரு குலுங்கு குலுங்கியது. தரையிலிருந்து மைப்புட்டி கவிழ்ந்த மாதிரி கறுப்பாகக் கிளம்பியது, பல வருடத்து இலைச் சகதி. பழைய ஒட்டுகள் விட்டுவிடும் என்பதால் குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திறந்தேன். கம்ப்ரெஸரால் ஊதலாம் என்றவருக்கு நன்றி சொல்லி அனுப்பிவிட்டேன்.

நான்காம் வருடம் தண்ணீர் குறைய ஆரம்பித்தது. படியில் ஒரு பக்கெட்டைக் குளத்து மட்டத்துக்கு நிரப்பி வைத்து, 24 மணி நேரம் கழித்துப் பார்த்தால் பக்கெட்டைவிடக் குளம் அதிகம் இறங்கியிருந்தது. அப்போ ஆவியாதல் மட்டும் இல்லை, கசிவு. பம்பை நிறுத்தி டிரெய்ன் அருகே சாயம் விட்டதும் அது நிதானமாக உள்ளே போனது.

காலி செய்து பார்க்கலாம் என்று ஒருவர் சொன்னார். நிலத்தடி நீர் உயர்ந்திருந்தால் காலிக் குளத்தை அப்படியே மேலே தூக்கிவிடும். அதற்காகத்தான் சில குளங்களில் டிரெய்ன் குழிக்குள் அழுத்தம் விடும் வால்வு வைக்கிறார்கள். முக்குளிப்பவர் ஒருவர் இறங்கிப் பார்த்தார். எங்கள் குளத்திலும் அந்த வால்வு இருந்தது; அது உட்கார்ந்து மூடும் இடத்தில் மணல் சிக்கி மூடாமல் இருந்தது. நான் பீய்ச்சித் தள்ளிய சகதியாகத்தான் இருக்கும் என்று என் சந்தேகம்! வால்வை மாற்றியதும் கசிவு நின்றது.

டிரெய்ன் மூடியில் ஒரு திருகு இல்லை என்பதும் அவர் இறங்கியபோதுதான் தெரிந்தது. ஒற்றை டிரெய்ன் உள்ள குளத்தில் மூடி கழன்றால் தலைமுடியோ கையோ சிக்கிக்கொள்ளும். புதிய குளங்களில் குறைந்தது 3 அடி இடைவெளியில் இரண்டு வைப்பது அதனால்தான். ஆயுட்காலம் அச்சிட்ட புது மூடி போட்டாயிற்று. மிதவைத் தட்டை வாரம் ஒருமுறை, குளத்தில் யாரும் இல்லாதபோது மட்டும் போடுகிறேன்.