எந்த மெக்ரிட்சி? ஏரிக்கரையில் நான்கு காட்டுப் பாதைகள், நான்கு விதமான கால்கள்

சிங்கப்பூரில் நீண்ட வார இறுதி நெருங்கினால் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒருவர் தொடங்கி வைப்பார்: "சனிக்கிழமை மெக்ரிட்சி போவோமா?" உடனே வரிசையாகக் கட்டைவிரல்கள் விழும். எந்தப் பாதை என்று மட்டும் ஒருவரும் கேட்க மாட்டார்கள். வம்பு தொடங்குவது அங்கேதான்.

மெக்ரிட்சி என்பது ஒரே பாதை இல்லை. ஒரு நீர்த்தேக்கம், அதைச் சுற்றிக் காடு, காட்டுக்குள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் பல தடங்கள். பக்கத்து வாசலில் வின்ட்சர் இயற்கைப் பூங்கா, கொஞ்சம் வடக்கே லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கம். எல்லாம் மத்திய நீர்ப்பிடிப்புக் காட்டின் ஓரங்களும் உள்பகுதிகளும்தான். இவற்றில் நான் அடிக்கடி போகும் நான்கை எதிரெதிரே வைத்துப் பார்க்கிறேன்: ஏரிக்கரைப் பலகைப் பாதை, வின்ட்சர் வழியாக ட்ரீடாப் வாக் தொங்கு பாலம், முழுச் சுற்று, லோவர் பியர்ஸ்.

எல்லாரும் கிலோமீட்டரை வைத்துத்தான் பாதையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். இப்போது நான் முதலில் பார்ப்பது வேறு: நடுவழியில் ஒருவருக்கு முடியாமல் போனால், வந்த வழியே திரும்ப முடியுமா? இந்தக் கேள்வியை எனக்குக் கற்றுக்கொடுத்தது என் அத்தையின் முழங்கால். அந்தக் கதை பின்னால் வருகிறது.

ஏரிக்கரைப் பலகைப் பாதை

மெக்ரிட்சி பூங்காவில் இறங்கி, நீரின் ஓரமாகவே நடந்தால் புரூனஸ் பாதை, அதைத் தொடர்ந்து பெத்தாய் பாதை. ஆமாம், சம்பாலில் போடுகிறார்களே, வாசம் தூக்கும் அதே பெத்தாய் மரத்தின் பெயர்தான். பெரும்பகுதி மரப்பலகைத் தளம். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் காடு. வெயில் ஏறினாலும் பல இடங்களில் நிழல் இருக்கும்.

இதன் பெரிய பலம், எந்த இடத்திலும் "போதும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பலாம். பத்து நிமிடம் நடந்தாலும் ஏரி பார்த்தாயிற்று, ஒரு மணி நேரம் நடந்தாலும் அதே ஏரிதான். கழிப்பறை, குளியலறை, காப்பி எல்லாம் தொடங்கிய இடத்திலேயே இருக்கின்றன. முழங்கால் வலிக்காரர்கள், ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள், "நான் நடைக்கு வரவில்லை, படம் எடுக்க வந்தேன்" என்பவர்கள் எல்லாருக்கும் இது போதும். ஆனால் குழந்தைத் தள்ளுவண்டியோடு இந்தப் பலகைப் பாதைக்குள் நுழையாதீர்கள். படிகளும் வேர்களும் குறுக்கிடும், வண்டியை நீங்கள்தான் தூக்க வேண்டிவரும். வண்டி இருந்தால் பூங்காவின் முன்பகுதியிலேயே, அணைப் பக்கமாகச் சமதளத்தில் உலாவுவது மேல்.

குறை என்றால், ஞாயிறு காலையில் கூட்டம். ஓட்டக்காரர்கள் பின்னாலிருந்து "எக்ஸ்க்யூஸ் மீ" சொல்லிக்கொண்டே வருவார்கள். அமைதி தேடி வந்தவருக்கு அது எரிச்சலாகத்தான் இருக்கும்.

இந்த ஏரிக்கு வயது கொஞ்சமல்ல. 1868இல் கட்டி முடித்த, சிங்கப்பூரின் மிகப் பழைய நீர்த்தேக்கம் இது. 1890களில் இதை விரிவாக்கிய நகராட்சிப் பொறியாளர் ஜேம்ஸ் மெக்ரிட்சியின் பெயரை 1922இல்தான் வைத்தார்கள். ஊருக்குக் குடிதண்ணீர் தேவை என்பதற்காகச் சுற்றியிருந்த காட்டைப் பாதுகாத்தார்கள். அந்தத் தேவைதான் இன்றைக்கு நமக்கு நிழல் தருகிறது.

ட்ரீடாப் வாக்: 250 மீட்டர் என்று நம்பி

எல்லாரும் இன்ஸ்டாகிராமில் போடும் பாலம் இதுதான். 2004இல் திறந்தார்கள். இரண்டு குன்றுகளுக்கு நடுவே 250 மீட்டர் நீளத் தொங்கு பாலம், உயரமான இடத்தில் காட்டுத் தரையிலிருந்து 25 மீட்டர். மரங்களின் தலை உங்கள் இடுப்பளவில் வந்து நிற்கும். குறுகலான பாலம், ஒருவர் பின் ஒருவராகத்தான் போக வேண்டும். அதுவும் ஒரே திசையில்.

அந்த "ஒரே திசை"யைத்தான் நான் கவனிக்கவில்லை. அத்தைக்கு அப்போது எழுபத்திரண்டு வயது. மலேசியாவில் குளுவாங் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், நடைக்கு அஞ்சாதவர், ஆனால் வலது முழங்கால் ஒத்துழைப்பதில்லை. "பாலம் 250 மீட்டர்தான் அத்தை, கோயில் பிரகாரம் ஒரு சுற்று வந்த மாதிரி" என்று அழைத்துப் போனேன். வின்ட்சர் பூங்காவை ஒட்டிய வீனஸ் டிரைவ் கார் நிறுத்துமிடத்திலிருந்து பாலத்துக்குப் போகவே சுமார் இரண்டரை கிலோமீட்டர், அதிலும் கடைசிப் பகுதி ஏற்றம். சரி, அதைச் சமாளித்துவிட்டார். பாலத்திலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ராணி மாதிரி நடந்தார். பாலம் முடிந்ததும்தான் வந்தது பெட்டாலிங் பாதை. படிகள். கீழே இறங்கி, மேலே ஏறி, மறுபடி இறங்கி. வந்த வழியே பாலத்தில் திரும்பவும் முடியாது. ஒரு வளைவில் படியிலேயே உட்கார்ந்துகொண்டு அத்தை என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"ஏண்டா, பாலம் மட்டுந்தான்னு சொன்ன?"

ஐந்து படிக்கு ஒரு முறை நின்று, தண்ணீர் குடித்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து சேர்ந்தோம். தவறு முழுக்க என்னுடையது. பாலத்தின் நீளத்தைப் படித்தேனே தவிர வரைபடத்தில் அம்புக்குறி எந்தப் பக்கம் காட்டுகிறது என்று பார்க்கவில்லை.

ஆகவே, பாலத்தை மட்டும் வைத்து இந்தப் பாதையை எடை போடாதீர்கள். வின்ட்சர் பக்கமிருந்து போய் வரச் சுமார் ஆறேழு கிலோமீட்டர், நிதானமாக நடந்தால் இரண்டரை மணி நேரம் ஆகும். மெக்ரிட்சி பூங்காவிலிருந்து தொடங்கினால் இன்னும் கூடும். எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இது கொண்டாட்டம். அக்கா மகன் பாலத்தை மூன்று முறை கடக்க வேண்டும் என்று அடம் பிடித்தான், ஒருவழி என்பதால் நாங்கள் தப்பித்தோம். உயரம் கண்டு தலைசுற்றுபவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். பாலம் லேசாக ஆடும், கீழே பார்க்காமல் இருக்கவும் முடியாது.

இன்னும் ஒன்று. திங்கட்கிழமைகளில் பாலம் மூடியிருக்கும், அது பொது விடுமுறையாக இருந்தால் தவிர. மழை, இடி என்றாலும் மூடிவிடுவார்கள். பராமரிப்புக்காக மூடுவதும் உண்டு, எனவே தேசியப் பூங்காக் கழகத்தின் இணையப் பக்கத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கிளம்பினால் நல்லது. பாலத்துக்கு முன்னால் உள்ள வனக்காவலர் நிலையத்தில் கழிப்பறையும் தண்ணீரும் உண்டு. அதைத் தாண்டிவிட்டால் வெளியே வரும்வரை கையில் இருக்கும் போத்தல்தான் துணை.

பாலம் வேண்டாம், காடு மட்டும் போதும் என்றால் 2017இல் திறந்த வின்ட்சர் பூங்காவுக்குள்ளேயே சுற்றலாம். ஓடையை ஒட்டிப் போகும் ஹாங்குவானா பாதை சின்னது, குளிர்ச்சியானது, கூட்டமும் குறைவு. பாலத்தின் புகழில் இது மறைந்து கிடக்கிறது. அத்தையை நான் அன்றைக்கு அழைத்துப் போயிருக்க வேண்டிய இடம் இதுதான்.

முழுச் சுற்று

சென்னையிலிருந்து வந்து எங்கள் அலுவலகத்தில் சேர்ந்த நண்பர் ஒருவர் மராத்தானுக்குப் பயிற்சி எடுக்கிறார். அவருக்குப் பலகைப் பாதையெல்லாம் பல் துலக்கும் நேரத்தில் முடிந்துவிடும். அவர் போவது ஏரியை முழுக்கச் சுற்றும் பத்துப் பதினோரு கிலோமீட்டர் வட்டம். லோர்னி பாதையில் தொடங்கி, கோல்ஃப் மைதானத்தை ஒட்டி நடந்து, ஜெலுத்தோங் கோபுரத்தில் ஏறி மூச்சு வாங்கி, அப்புறம் காட்டுக்குள் திரும்பி ட்ரீடாப் வாக் வழியாகப் பூங்காவுக்கு வந்து சேர்வார். பாலம் ஒருவழி என்பதால் பாலத்தையும் சேர்ப்பதாக இருந்தால் இந்தத் திசையில்தான் சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் போய்ப் பாலத்தின் முடிவில் முட்டி நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நடந்தால் மூன்றரை முதல் நான்கு மணி நேரம் ஆகும். ஏற்ற இறக்கம் பயங்கரம் இல்லை. கொல்வது ஈரப்பதம். காட்டுக்குள் காற்று அசையாது, ஒன்பது மணிக்கே சட்டையைப் பிழியலாம். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் இல்லாமல் போகாதீர்கள், உள்ளே கடை எதுவும் கிடையாது. பிற்பகல் இடிமழை வேறு இங்கே வழக்கம் என்பதால் விடிந்ததும் தொடங்கி மதியத்துக்குள் முடிப்பதே புத்திசாலித்தனம்.

திரும்பும் வழி என்ற என் அளவுகோலில் இது மோசமான மதிப்பெண் வாங்குகிறது. பாதி வட்டத்துக்கு வந்துவிட்டால் முன்னால் போனாலும் பின்னால் வந்தாலும் ஒரே தூரம்தான். அதனால் இதுவரை ஏழு கிலோமீட்டராவது ஒரே மூச்சில் நடந்திராதவரை இதற்கு அழைத்துப் போக மாட்டேன். நண்பர் இதைக் கேட்டுச் சிரிப்பார். அவர் அத்தையோடு நடந்ததில்லை.

லோவர் பியர்ஸ்

நான்கில் எனக்குப் பிடித்தது எது என்று கேட்டால் தயங்காமல் இதைச் சொல்வேன். மொத்தமே 900 மீட்டர் பலகைப் பாதை. மெக்ரிட்சி ஏரிக்கரைக்கு இதுதான் நேரடிப் போட்டி. அங்கே கழிப்பறை, காப்பி, எம்ஆர்டி ரயில் என்று வசதி அதிகம், மேரிமவுண்ட் அல்லது கால்டிகாட் நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். இங்கே பேருந்தில் இறங்கி கேசுவரினா ரோடு வழியாக உள்ளே நடக்க வேண்டும், கார் என்றால் நிறுத்துமிடம் சின்னது. ஆனால் கூட்டம் பாதிகூட இருக்காது. ஓட்டக்காரர்களும் இங்கே அதிகம் வருவதில்லை, 900 மீட்டரில் அவர்களுக்கு என்ன வேலை?

இந்தக் காட்டில் பழைய ரப்பர் மரங்கள் நிற்கின்றன. அத்தைக்கு அவை பால்மரம், ரப்பர் என்ற சொல்லே அவர் வாயில் வராது. ட்ரீடாப் சம்பவத்துக்குப் பரிகாரமாக ஒரு நாள் அவரை இங்கே அழைத்து வந்தேன். பத்தடி நடந்திருப்போம், "டப்" என்று ஒரு சத்தம். அக்கா மகன் திடுக்கிட்டான். அத்தை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. "காய் வெடிக்குது" என்றார். பலகை இடுக்கிலிருந்து ஒரு விதையை எடுத்தார். பழுப்பு நிறம், மேலே காடை முட்டைபோலப் புள்ளிகள். அதைப் பாதை ஓரத்துச் சிமெண்டில் பரபரவென்று நாலைந்து தேய் தேய்த்து, பையனின் முன்கையில் ஒரு அழுத்து. அவன் "ஆ!" என்று துள்ளிக் குதித்தான். தேய்த்த சூட்டில் விதை சுடும். தோட்டத்துப் பிள்ளைகளின் பழைய குறும்பு அது. பிறகு முழு நேரமும் யார் யாரைச் சுடுவது என்ற யுத்தம்தான், 900 மீட்டரை முடிக்க ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. பையன் ஒரு கை நிறைய விதைகளை வீட்டுக்கு எடுத்துவரப் பார்த்தான். காட்டிலிருந்து எதையும் எடுத்து வரக்கூடாது என்று சொல்லிக் கீழே போட வைத்தேன். அத்தைதான் அவனைவிட வருத்தப்பட்டார்.

லோவர் பியர்ஸின் தலைவலி குரங்குகள். நான்கு இடங்களிலும் நீள்வால் குரங்குகள் உண்டு என்றாலும் இதன் பக்கத்திலுள்ள ஓல்ட் அப்பர் தாம்சன் சாலையில் அவை குடும்பத்தோடு உட்கார்ந்து வரவேற்கும். பிளாஸ்டிக் பையைப் பார்த்தால் உள்ளே தீனி இருக்கிறது என்று அவற்றுக்குத் தெரியும். எல்லாவற்றையும் முதுகுப்பைக்குள் போட்டு ஜிப்பை மூடிவிடுங்கள். பாவம் என்று ஒரு பிஸ்கட் நீட்டினால் முதல் தடவைக்கே 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் வரலாம்.

கார் பந்தயப் பிரியர்களுக்கு இந்தச் சாலையில் ஒரு கூடுதல் கவர்ச்சி: 1961 முதல் 1973 வரை சிங்கப்பூர் கிராண்ட் பிரி நடந்தது இந்த வளைவுகளில்தான். இன்றைக்கு இந்தச் சாலையில் வேகமாகப் போவது குரங்கு மட்டும்.

கலவையான கூட்டம் வந்தால்

பத்துப் பேரில் இரண்டு பேருக்கு மூட்டு வலி, மூன்று பேர் பிள்ளைகள், ஒருவர் மராத்தான். இந்தக் கூட்டத்தை ஒரே பாதையில் நடத்தப் பார்த்தால் யாருக்கும் நிம்மதி இருக்காது. நாங்கள் இப்போது பிரிந்து நடக்கிறோம். நண்பர் ஏழு மணிக்கே முழுச் சுற்றைத் தொடங்கிவிடுவார். அக்காவும் பிள்ளைகளும் அப்பர் தாம்சன் எம்ஆர்டியில் இறங்கி வின்ட்சர் வழியாகப் பாலத்துக்குப் போவார்கள், பாலம் வாரநாளில் ஒன்பதுக்கும் வார இறுதியில் எட்டரைக்கும்தான் திறக்கும் என்பதால் அவசரம் இல்லை. நானும் அத்தையும் ஒன்பது மணிவாக்கில் புரூனஸ் பாதையில் நடப்போம், தோன்றிய இடத்தில் திரும்புவோம். பாலம் முடிந்ததும் பிள்ளைகள் கூட்டம் வந்த வாசலுக்கே போகாமல் மெக்ரிட்சிப் பக்கமாக நடந்து வந்து எங்களோடு சேர்ந்துகொள்ளும். பதினொன்றரைக்குப் பூங்கா முகப்பில் எல்லாரும் ஆஜர்.

அதன்பிறகு அப்பர் தாம்சன் சாலையில் பிராட்டா, அதாவது நம்ம பரோட்டா. அங்கே மட்டும் எல்லாருக்கும் ஒரே வேகம்.