முதலில் யாருக்கு ஓட்டு? சோஜர்னர் ட்ரூத்தும் பிரான்சிஸ் ஹார்ப்பரும்

அமெரிக்காவில் அடிமைமுறை ஒழிந்த கையோடு எழுந்த கேள்வி: கறுப்பின ஆண்களுக்கு மட்டும் முதலில் ஓட்டுரிமை வந்தால் ஏற்பதா?

அடிமையாகப் பிறந்த சோஜர்னர் ட்ரூத் 1867-ல் நியூயார்க்கில் பட்டென்று சொன்னார்: ஆணுக்கு மட்டும் உரிமை கிடைத்தால் அவன் பெண்ணுக்கு எஜமானாகிவிடுவான், பழைய கதைதான்.

சுதந்திரமாகப் பிறந்த கறுப்பினக் கவிஞர் ஹார்ப்பருக்கும் பெண்ணின் வலி தெரியும். கணவர் கடனோடு இறந்த மூன்று மாதத்துக்குள் பால் பானை, துணி துவைக்கும் தொட்டி வரை வாரிக்கொண்டு போனார்கள். ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை விட்டுவைத்தார்கள். 1866-ல் நடந்த பெண்ணுரிமை மாநாட்டில் அவரே சொன்னது இது. ஆனாலும் 1869-ல், கறுப்பின ஆண்களின் ஓட்டுக்கு மட்டும் வழிவிட்ட, அமெரிக்க அரசியல் சட்டத்தின் 15-வது திருத்தத்தை ஆதரித்தார். ஓட்டுரிமை இயக்கத்தில் இருந்த வெள்ளைப் பெண்கள் இனப் பிரச்சினையை ஓரங்கட்டுகிறார்கள் என்ற அவரது கோபம் நியாயமானதே.

என் மனம் ட்ரூத் பக்கம்தான். நாடு முழுவதும் ஓட்டுரிமை கிடைக்கப் பெண்கள் 1920 வரை காத்திருந்தார்கள். தெற்கில் கறுப்பினப் பெண்கள் பலர் 1965 வரை.