வேர்ட்பிரஸா, ட்ருபாலா, ஹியூகோவா: தன்னார்வக் குழுவின் இணையதளத்துக்கு எது தோதுப்படும்?

லாப நோக்கமில்லாத ஒரு தொழில்நுட்பக் குழுவில் போய் "நம்ம தளத்தைப் புதுசா மாத்தலாமா" என்று கேட்டுப் பாருங்கள், அரை மணி நேரத்தில் ஆளுக்கொரு மென்பொருளைச் சொல்லிச் சண்டைக்கு நிற்பார்கள். எங்கள் குழுவில் மூன்று கட்சி: வேர்ட்பிரஸ், ட்ருபால், ஹியூகோ. மூன்றுமே தளம் கட்டுவதற்கான கட்டற்ற மென்பொருள்தான், மூன்றுக்கும் உரிமக் கட்டணம் கிடையாது, அதனால் காசைப் பற்றி யாரும் பேசவில்லை. எனக்கு இருந்த கவலை ஆட்களைப் பற்றியது. தளத்தைக் கட்டுகிறவர் ஆறு மாதத்தில் வேலை மாறிப் போய்விடுவார். அடுத்த சந்திப்பு என்றைக்கு, எங்கே என்று அதில் போடப்போகிறவர் வேறொருவர், அதுவும் ராத்திரி பத்து மணிக்கு, செல்போனில் இருந்து. அவர் கைக்கு எது அடங்கும் என்று பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஹியூகோ, ஏனென்றால் என் மனசு அதன் பக்கம்தான், மறைக்க ஒன்றுமில்லை. 2013-ல் வந்தது, கோ என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டது, ஒரே ஒரு கோப்பை இறக்கிக்கொண்டால் வேலை ஆரம்பித்துவிடலாம். மார்க்டவுன் என்ற எளிய குறியீட்டு முறையில் எழுதி வைத்ததை எல்லாம், உலாவி நேரடியாகப் படிக்கிற வெறும் எச்டிஎம்எல் பக்கங்களாக்கிக் கொடுத்துவிடும். சர்வரில் பிஎச்பி நிரல்மொழி வேண்டாம், தரவுத்தளம் வேண்டாம், லாகின் பக்கமே கிடையாது, அதனால் வழக்கமாக ஹேக் செய்கிறவர்கள் தட்டிப் பார்க்கும் கதவு எதுவும் அங்கே இல்லை. இரண்டு வருடம் யாரும் தொடாமல் போட்டு வைத்தாலும் அப்படியே கிடக்கும்.

எழுதுகிறவருக்குத்தான் கஷ்டம். கோப்புகளில் செய்கிற மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் என்ற கருவி தெரிந்திருக்க வேண்டும், தெரிந்தாலும் போதாது. மாதிரிக்கு ஒரு தளம் போட்டுப் பார்த்தோம். ஒருவர் அடுத்த மாத நிகழ்ச்சிக்குப் பக்கம் எழுதி, மேலே இருந்த 'டேட்' வரியில் நிகழ்ச்சி நாளைப் போட்டார். யாராக இருந்தாலும் அதைத்தானே செய்வார்கள்? ஹியூகோவைப் பொறுத்தவரை அது பக்கம் வெளியாகிற நாள். இனிமேல் வரப்போகிற நாள் இருந்தால், நாம் தனியாகச் சொல்லாதவரை அந்தப் பக்கத்தை அது உருவாக்காது, பிழை என்றும் கத்தாது. அறிவிப்பைக் காணோம் என்று ஒரு சாயங்காலம் முழுக்கத் தேடினோம். நிகழ்ச்சி நாளுக்கென்று தனி வரி வைத்துவிட்டால் சரியாகிவிடும்தான், ஆனால் அது தெரிந்தவர் குழுவில் இருக்கிறவரைக்கும்தான். டெக்காப் சிஎம்எஸ் என்ற எழுதும் கருவி மாதிரி ஒன்றை ஒட்டவைத்தால் நிரப்புவதற்குப் படிவம் கிடைக்கும், ஆனால் அதற்கான லாகின் ஏற்பாட்டை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும், சுற்றிச் சுற்றி அதே இடத்துக்குத்தான் வருகிறோம். ஹியூகோ மாதிரியே வேலை செய்கிற ஜெக்கிலுக்கும் இதே கதை, கூடவே ரூபி நிரல்மொழியை நிறுவுகிற தலைவலி.

ட்ருபால் 2001-லிருந்து இருக்கிறது. தகவலை வகை பிரித்து வைப்பதில் மற்ற இரண்டும் இதன் பக்கத்தில் வர முடியாது. நிகழ்ச்சி ஒரு வகை, பேச்சாளர் ஒரு வகை, இரண்டையும் கோத்துவிட்டால் ஒருவர் இதுவரை பேசிய எல்லாக் கூட்டங்களும் அவர் பக்கத்தில் தானாக வந்து நிற்கும். பல மொழித் தளம் போடுவதும் 8-ஆம் பதிப்பிலிருந்து அதன் உள்ளேயே இருக்கிறது. யார் எழுதலாம், யார் வெளியிடலாம் என்பதையும் நுணுக்கமாகப் பிரித்துக் கொடுக்கலாம். முப்பது நாற்பது பேர் எழுதுகிற பெரிய அமைப்பு என்றால் யோசிக்காமல் இதை எடுங்கள். சின்னக் குழுவுக்கு இது கோவில் தேர் மாதிரி, இழுக்க ஆள் வேண்டும். 7-ஆம் பதிப்பு 2011-ல் வந்து 2025 ஜனவரியில் ஓய்வு பெற்றது. அங்கிருந்து 8-க்குப் போவது மேம்படுத்தல் என்று பெயர்தானே தவிர, தளத்தைத் திரும்பக் கட்டுகிற வேலை. 8-க்குப் பிறகு அந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்துவிட்டது, அதையும் சொல்ல வேண்டும். 2014 அக்டோபரில் ஒரு பெரிய பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது, ஏழு மணி நேரத்துக்குள் அடைக்காத தளம் கைவிட்டுப் போனதாகவே வைத்துக்கொள்ளுங்கள் என்று ட்ருபாலின் பாதுகாப்புக் குழுவே எச்சரித்தது. தன்னார்வலர்கள் அதைவிட அதிக நேரம் தூங்குவார்கள்.

அப்புறம் வேர்ட்பிரஸ். 2003-ல் வந்தது. புதிதாக வருகிறவர் ஏற்கெனவே எங்காவது அதைத் தொட்டிருப்பார், அதுதான் அதன் பெரிய பலம், வேறு எந்த வசதியும் இதற்கு ஈடாகாது. செல்போனில் திறந்து நாலு வரி அடித்து வெளியிட்டுவிடலாம். சின்னப் பாதுகாப்புத் திருத்தங்களை 2013-லிருந்து அதுவே போட்டுக்கொள்கிறது. பல மொழி வேண்டுமென்றால் மட்டும் தனியாகப் பிளக்இன், அதாவது கூடுதல் வசதிக்கு ஒட்டவைக்கிற துணை மென்பொருள், தேட வேண்டும்.

அங்கேதான் வில்லங்கமும். எங்கள் பழைய தளமும் வேர்ட்பிரஸ்தான், அதில் இருபத்து மூன்று பிளக்இன் இருந்தன, பாதி எதற்கென்றே யாருக்கும் தெரியாது. நிகழ்ச்சிப் பட்டியல் காட்டிக்கொண்டிருந்த ஒன்றை அணைத்ததும், எண்பது பக்கங்களில் பட்டியல் இருந்த இடத்தில் 'பட்டியலை இங்கே காட்டு' என்று அந்தப் பிளக்இன்னுக்குச் சொல்லும் குறுங்குறி மட்டும் சதுர அடைப்புக்குறிக்குள் அம்மணமாக நின்றது. உள்ளடக்கம் நம்முடையது என்று நினைத்திருந்தோம், பாதி அந்தப் பிளக்இன் வயிற்றுக்குள் இருந்திருக்கிறது.

கடைசியில் புதுத் தளத்துக்கும் வேர்ட்பிரஸ்தான், இரண்டு நிபந்தனையோடு. பிளக்இன் ஐந்துக்கு மேல் போகக் கூடாது. ஆறாவது வேண்டும் என்கிறவர் எதை எடுப்பது என்று அவரே சொல்ல வேண்டும். அடுத்தது, 2019-க்கு முந்தைய கூட்டக் குறிப்புகள் எல்லாவற்றையும் வெறும் எச்டிஎம்எல்லாக உறையவைத்துத் தனியாகப் போட்டுவிட்டோம், இனி யாரும் திருத்தப் போவதில்லை, அதற்கு எதற்குத் தரவுத்தளம்? பழைய முகவரிக்கு வருகிறவரைப் புது இடத்துக்கு அனுப்புகிற 301 திருப்பிவிடுதல் எழுதத்தான் இரண்டு வாரக்கடைசி போனது. தோற்றத்துக்குக் கூடவே வந்த தீம், எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5-க்கு 1 என்ற நிற வேறுபாடு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டோம். உறுப்பினர் சந்தா, நன்கொடைக்கு சிவிசிஆர்எம் போடலாம் என்றார் ஒருவர். வேர்ட்பிரஸ், ட்ருபால் இரண்டிலும் ஓடும், நல்ல மென்பொருள், ஆனால் அறுபது பேருக்கு அது எதற்கு?

இத்தனை பேச்சிலும் டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயர், யார் கையில் இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. மூன்று வருடம் முன்பே குழுவை விட்டுப் போனவரின் சொந்த மின்னஞ்சலில் இருந்தது. அவர் கடவுச்சொல்லைத் தேடிக் கொடுக்கப் பதினோரு நாள் ஆனது, புதுத் தளம் அதுவரை வெறும் ஐபி எண்ணில் உட்கார்ந்திருந்தது.