பஸ்ஸு ராணிப்பேட்ட போறதுக்குள்ள முடிஞ்சிடுற ஆல்பம்: தி ஸ்ட்ரோக்ஸ் - இஸ் திஸ் இட்

வேலூர் புது பஸ் ஸ்டாண்ட்ல ஏறி ஜன்னல் சீட்டு புடிச்சி பிளே அமுக்குனா ராணிப்பேட்ட முத்துக்கடை ஸ்டாப்புல எறங்கறதுக்குள்ள மொத்த ஆல்பமும் முடிஞ்சிரும், 11 பாட்டு, கிட்டத்தட்ட 36 நிமிஷம் தான். டெய்லி ஷூ கம்பெனிக்கு போய்ட்டு வர்றவன் நானு, எனக்கு ஆல்பம்னா இந்த அளவு தான் கரெக்ட்டு. தி ஸ்ட்ரோக்ஸ்ன்றது நியூயார்க் ராக் பேண்டு, 2001ல வந்த அவங்களோட மொத ஆல்பம் இது. பேர்ல கேள்விக்குறி கூட போடல பாருங்க, இவ்ளோ தானான்னு கேக்குறாங்களா இவ்ளோ தான்னு சொல்றாங்களான்னே புரியாது, பாட்டும் அதே மாதிரி அலட்டிக்காமத் தான் போவும்.

மொத தடவ கேட்டப்ப இயர்போன் தான் அவுட்டுன்னு நெனச்சி கழட்டி ஊதிலாம் பாத்தேன். பாடுறவரு ஜூலியன் காசாபிளாங்காஸ், அவரு கொரலு பஸ் ஸ்டாண்டு மைக்குல திருவண்ணாமல வண்டி பொறப்புடுதுன்னு அனௌன்ஸ் பண்ற மாதிரி கரகரன்னு வருது. அப்பால படிச்சா தான் தெரியுது, வேணும்னே ஒரு குட்டி பீவி ஆம்ப்ல, அதாவது கிட்டாரு சத்தத்த பெருசாக்குற பொட்டில, கொரல வுட்டு ரெக்கார்ட் பண்ணி வெச்சிருக்காங்க. புரொடியூசர் கார்டன் ராஃபேல், நியூயார்க்ல ஒரு பேஸ்மென்ட் ஸ்டூடியோ. பளபளன்னு பாலீஷ் போடாத தோலு மாதிரி, எங்க தொழில்ல இருக்கவங்களுக்கு புரியும், அந்த ரேகைலாம் தெரியும்ல, அது தான் அழகு.

ஆனா கொரல வுட கிட்டாரு தான் மேட்டரே. நிக் வலென்சி ஒருத்தரு, ஆல்பர்ட் ஹாமண்ட் ஜூனியர் ஒருத்தரு. லாஸ்ட் நைட் பாட்டுல ஒருத்தரு ஒரு காதுக்குள்ள, இன்னொருத்தரு இன்னொரு காதுக்குள்ள. இது தெரியாம நான் ஒரு நாளு ரத்தினகிரி கிட்ட வரும்போது பக்கத்துல இருந்த நம்ம கட்டிங் செக்ஷன் மாமாவுக்கு ஒரு பட்ஸ குடுத்து கேளு மாமா சூப்பரா இருக்கும்னேன், அவரு ரெண்டு நிமிஷம் கேட்டுட்டு "இன்னாடா இவன் ஒரே கம்பிய புடிச்சிகினு டொய்ங் டொய்ங்னு அடிச்சிகினே கீறான், வேற எதுவும் தெரியாதா அவனுக்கு"ன்னு திருப்பி குடுத்துட்டாரு. பாவம் அவருக்கு வந்தது பாதி பாட்டு தான், மிச்ச பாதி என் காதுல. சோ தயவுசெஞ்சி ரெண்டு காதுலயும் மாட்டி கேளுங்க.

டிரம்ஸ் ஃபேப்ரிசியோ மோரெட்டி, ஹார்ட் டு எக்ஸ்ப்ளெய்ன்ல மெஷின் அடிக்குதுன்னு சத்தியம் பண்ணுவீங்க, மனுஷன் தான் அடிச்சிருக்காரு, சவுண்ட மட்டும் அப்டி மாத்திருக்காங்க. மொத பாட்டுல நிகோலாய் ஃப்ரெய்ச்சரோட பேஸ் கிட்டாரு இருக்கே, கொரலு சும்மா சோம்பல் முறிச்சிகினு இருக்கும் போது பேஸ் தனியா ஒரு பாட்டு பாடிட்டு போவும்.

கொறைன்னு பாத்தா, பாதி பாட்டு ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கும், புதுசா கேக்கறவங்களுக்கு எது எங்க முடிஞ்சிதுன்னே தெரியாது. டிரையிங் யுவர் லக் வரும்போது மேல்விஷாரம் டிராபிக்க வேடிக்க பாக்க ஆரம்பிச்சிடுவேன். இன்னொன்னு, ஒம்போதாவது பாட்டு நியூயார்க் சிட்டி காப்ஸ், போலீஸ கிண்டல் பண்ற பாட்டு, 2001 செப்டம்பர் 11 நடந்ததுக்கப்புறம் அமெரிக்கா சிடில அத எடுத்துட்டு வென் இட் ஸ்டார்ட்டட்னு வேற ஒண்ண வெச்சாங்க. அந்த நேரத்துக்கு அது நியாயம் தான். ஆனா ஆல்பமா கேக்கும்போது அந்த எடத்துல அந்த பாட்டு தான் வேணும், அதுல தான் கொஞ்சம் கெட்ட பசங்களா இருக்காங்க. டவுன்லோட் பண்றதுக்கு முன்னாடி லிஸ்ட்ட ஒரு தபா பாத்துக்கோங்க.

கடைசி பாட்டு டேக் இட் ஆர் லீவ் இட். அது வரைக்கும் தூக்கக்கலக்கத்துல பாடுன ஆளு தொண்ட கிழிய கத்துவாரு. ஆற்காடு தாண்டி வண்டி பாலாத்து பாலத்துல ஏறும்போது அது வந்துச்சின்னா, கீழ தண்ணியே இல்லாத மணலு, காதுல இந்த கத்தலு, அன்னிக்கு எறங்க மனசே வராது. கண்டக்டரு தான் தோள தட்டி முத்துக்கடம்பாரு.

அஞ்சுக்கு நாலரை. அரை மார்க்கு மாமாவுக்காக கொறச்சேன்.