ரூட்டரை ஆப்பில் பார்ப்பதா, பிரவுசரில் பார்ப்பதா: செங்கோட்டை வீட்டுக்கு நான் எடுத்த முடிவு

வாரநாட்களில் எனக்குக் கொல்லத்தில் வேலை. அப்பாவும் அம்மாவும் செங்கோட்டையில். ஞாயிறு மத்தியானம் குருவாயூர் ரயிலைப் பிடித்தால் பகவதிபுரம் தாண்டி, குகைக்குள் நுழைந்து, ஆரியங்காவு. மலை இறங்கிப் புனலூர் சேரும்வரை போனில் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். போன வருஷம் சாரல் நேரத்தில் ஒரு ஞாயிறு, வண்டி புனலூரை நெருங்கும்போது அம்மா கூப்பிட்டாள். "ஏல, டிவி சுத்திக்கிட்டே கிடக்கு. மோடத்த அணைச்சுப் போட்டும் பாத்துட்டேன்."

அப்போது வீட்டில் இருந்தது நெட் இணைப்புக் கொடுத்தவர்கள் மாட்டிவிட்டுப் போன பெட்டி மட்டும்தான். ஊரில் மோடம் என்போம், சரியான பெயர் ஓஎன்டி. அதைப் பார்க்க வேண்டுமானால் அந்த வைஃபைக்குள் இருந்துகொண்டு பிரவுசரில் 192.168.1.1 என்று அடிக்க வேண்டும். புள்ளி வைப்பது எப்படி என்பதிலிருந்து தொடங்கி அரை மணி நேரம் அம்மாவுக்குச் சொல்லிப் பார்த்தேன். முடியவில்லை. ஆறு நாள் டிவி இல்லாமல் இருந்தார்கள். சனிக்கிழமை போய்ப் பார்த்தால் லைனில் ஒரு கோளாறும் இல்லை. இரண்டாங்கட்டில் இருக்கும் டிவி, சுவரைத் தாண்டி அரைகுறையாக வந்த 5 கிகாஹெர்ட்ஸ் என்ற வைஃபை அலைவரிசையைப் பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கிறது. சுவரைத் தாண்டி இன்னும் தூரம் போகும் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்ற ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

அந்த வாரம்தான் உட்கார்ந்து யோசித்தேன். என் முன்னால் மூன்று வழி இருந்தது. இருக்கிற பெட்டியையே பிரவுசர் பக்கம் வழியாகப் பார்த்துக்கொள்வது ஒன்று. ஆப், பிரவுசர் பக்கம் இரண்டும் உள்ள தனி ரூட்டர் வாங்கி அந்தப் பெட்டியோடு இணைப்பது இரண்டாவது. வீட்டில் அங்கங்கே வைக்கும் சில பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபை தருவதை மெஷ் என்பார்கள்; ஆப் வழியாக மட்டுமே நடத்தக்கூடிய அப்படியொரு மெஷ் செட் மூன்றாவது. நான் எடுத்தது இரண்டாவது. டிபி-லிங்கின் ஆர்ச்சர் வரிசையில் ஒன்று, இரண்டாயிரத்துச் சொச்சம். அதற்கு டெதர் என்ற ஆப்.

வேகத்தைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. வாங்கியிருக்கும் பிளானும் சுவரும் எவ்வளவு விடுகிறதோ அவ்வளவுதான் வரும். ஆப்பில் திறந்தாலும் பிரவுசரில் திறந்தாலும் ரூட்டர் ஒன்றே. பிள்ளைகளுக்கு நேரக் கட்டுப்பாடு, விருந்தாளிகளுக்குத் தனி வைஃபை, யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்ற பட்டியல் எல்லாம் இரண்டிலும் உண்டு. குற்றாலத்துக்கு என்று சொந்தக்காரர்கள் வந்து இறங்கும் வீடு எங்களுடையது. வந்தவர்களுக்கு விருந்தாளி வைஃபையைத் திறந்துவிட்டு, அவர்கள் கிளம்பியதும் மூடுவது ஆப்பில் சுலபம், அவ்வளவுதான்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது ஒரே கேள்வி: நான் வீட்டில் இல்லாத ஐந்து நாளும் இதை யார் பார்ப்பது?

வெளியூரிலிருந்து வீட்டு ரூட்டரின் பிரவுசர் பக்கத்தைத் திறக்க முடியாதா என்று கேட்கலாம். முடியும், ஆனால் வீட்டுக்கென்று ஒரு பொது ஐபி, அதாவது இணையத்தில் அந்த வீட்டுக்கு மட்டுமான முகவரி எண், வேண்டும். நம் ஊர் ஃபைபர் இணைப்புகள் பலவற்றில் அது கிடைப்பதில்லை. பல வீடுகளை ஒரே பொது ஐபிக்குப் பின்னால் அடுக்கி வைத்துவிடுகிறார்கள். இதற்குச் சிஜிநாட் என்று பெயர். சோதிக்க வழி உண்டு. மோடத்தின் பிரவுசர் பக்கத்தில் வேன் ஐபி (WAN IP) என்று இருப்பதைப் பாருங்கள். 100.64-க்கும் 100.127-க்கும் இடைப்பட்ட எண்ணில் தொடங்கினால் சிஜிநாட்தான். வெளியிலிருந்து யார் தட்டினாலும் அந்தக் கதவு உங்கள் வீட்டுக்கதவாக இருக்காது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். பொது ஐபி இருந்தால்கூட ரூட்டரின் நிர்வாகப் பக்கத்தை இணையத்துக்குத் திறந்து வைப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். உலகத்தில் எவன் வேண்டுமானாலும் பாஸ்வேர்டு போட்டுப் பார்க்கலாம்.

ஆப் இதைத் திருப்பிப் போட்டுச் செய்கிறது. வெளியிலிருந்து நாம் உள்ளே போவதில்லை. ரூட்டர் தானாக வெளியே வந்து கம்பெனியின் சர்வரோடு ஒரு தொடர்பை வைத்துக்கொள்கிறது, என் போனும் அதே சர்வருக்குப் போகிறது. அதனால் சிஜிநாட் குறுக்கே நிற்பதில்லை. எல்லா ஆப்பும் இப்படி இல்லை, சிலவற்றுக்குப் பொது ஐபி தேவைப்படும். வாங்கும் முன் இதை மட்டும் கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதனால் என்ன கிடைத்தது என்றால், போன ஆடியில் அம்மாவிடமிருந்து மறுபடி அதே போன். கொல்லத்தில் அறையில் இருந்தபடியே ஆப்பைத் திறந்தேன். ரூட்டர் ஆஃப்லைன் என்று காட்டியது. மோடத்துக்கும் ரூட்டருக்கும் ஏற்கெனவே 12 வோல்ட் மினி யுபிஎஸ் போட்டிருக்கிறேன், அதனால் சும்மா கரண்ட் போய் வந்ததால் இருக்காது. "மோடத்துல செவப்பா ஏதாவது மினுக்குதா பாரும்மா" என்றேன். மினுக்கியது. எல்ஓஎஸ் என்று எழுதியிருக்கும் விளக்கு அது. ஃபைபரில் வெளிச்சம் வந்து சேரவில்லை என்று அர்த்தம். கேபிள்கார அண்ணாச்சிக்கு நானே போன் போட்டு "எல்ஓஎஸ் சிவப்பு, வயர்தான் போயிருக்கு" என்று சொன்னேன். அணைத்துப் போடுங்கள் என்ற பேச்சே வரவில்லை. அன்று சாயங்காலமே வந்து, தெருமுனையில் மரக்கிளை விழுந்து அறுந்திருந்த இடத்தைக் கண்டுபிடித்து ஒட்டிவிட்டுப் போனார். ரூட்டர் ஆன்லைன் என்று காட்டியிருந்தால் டிவியைத்தான் பார்க்கச் சொல்லியிருப்பேன். கோளாறு வீட்டுக்குள்ளா, தெருவிலா? நூறு கிலோமீட்டருக்குப் பக்கமாகத் தள்ளி இருந்துகொண்டு இதற்கு விடை தெரிந்ததே எனக்குப் பெரிது.

இதற்காகப் பிரவுசர் பக்கம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. முதன்முதலில் நிறுவும்போது லேப்டாப்பில் உட்கார்ந்து செய்ததுதான் இன்றைக்கும் நிற்கிறது. எங்கள் வீடு பழைய நீள வீடு. தார்சா, பட்டாசாலை, இரண்டாங்கட்டு, அடுக்களை, புறவாசல். இடையில் ஒன்றரை அடிச் சுவர்கள். 5 கிகாஹெர்ட்ஸ் பட்டாசாலையோடு நின்றுவிடும், 2.4 அடுக்களை வரை போகும். அதனால் இரண்டையும் ஒரே பெயரில் சேர்த்துவைக்கும் வசதியை அணைத்து, வேறு வேறு பெயர் வைத்தேன். டிவிக்கு 2.4-ன் பாஸ்வேர்டு மட்டும்தான் தெரியும். சுவரோடு சுவர் ஒட்டிய தெரு என்பதால் பக்கத்து வீட்டு வைஃபை பலவும் 2.4-க்குள் இருக்கும் சேனல்களில் 6-லும் 11-லும் குவிந்து கிடந்தன, நான் சேனல் 1-க்குப் போனேன். 2.4-ல் ஒன்றோடொன்று மோதாமல் இருப்பவை 1, 6, 11 ஆகிய மூன்றும்தான். அப்புறம் எல்லா அமைப்பையும் ஒரு ஃபைலாகச் சேமித்துக்கொண்டேன். இந்த மாதிரி நுணுக்க வேலைக்குப் பெரிய திரையும் பிரவுசர் பக்கமும்தான் வசதி.

மூன்றாவது வழியை நான் விட்டதற்குக் காரணம் ஆயுள். கூகுள் 2015-ல் ஆன்ஹப் என்று ரூட்டர் கொண்டுவந்தது. எல்லாமே ஆப்பில்தான். 2023 தொடக்கத்தில் ஆப்பில் அதற்கான ஆதரவை நிறுத்தினார்கள். பெட்டி வைஃபை கொடுத்துக்கொண்டுதான் இருந்தது, ஆனால் அதன் அமைப்பை மாற்ற முடியாமல் போய்விட்டது. இன்றைய நெஸ்ட் வைஃபைக்கும் கூகுள் கணக்கும் ஆப்பும் வேண்டும், பிரவுசர் பக்கம் கிடையாது. நம் வீடுகளில் ரூட்டர் ஏழெட்டு வருஷம் உழைக்கும், பழுதானால்தான் மாற்றுவோம். ஆப் அத்தனை வருஷம் கூட வருமா என்பது நம் கையில் இல்லை. ஆப் நின்றுபோனாலும் பெட்டியைத் திறக்க ஒரு பிரவுசர் பக்கம் இருக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன்.

மெஷ்ஷைக் குறை சொல்ல எனக்கு அனுபவம் போதாது. கொல்லத்தில் நண்பன் வீட்டில் இரண்டு வாரம் பயன்படுத்தியதோடு சரி. மாடிக்கும் கீழுக்கும் அறுந்து போகாமல் நன்றாகவே ஓடியது. மூன்று மாடி வீட்டுக்காரர்கள் என் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆப்பிலும் கவனமாக இருக்க வேண்டியவை உண்டு. வெளியூரிலிருந்து பார்க்க வேண்டுமானால் கம்பெனியில் கணக்குத் தொடங்க வேண்டும். அந்தப் பாஸ்வேர்டு போனால் வீட்டு நெட்வொர்க்கின் சாவி போன மாதிரி. வேறெங்கும் பயன்படுத்தாத பாஸ்வேர்டு வையுங்கள், இரண்டடுக்குச் சரிபார்ப்பு இருந்தால் அதையும் போடுங்கள். அப்பா போன் எத்தனை மணிக்கு வீட்டு வைஃபைக்குள் வந்தது என்பதும் ஆப்பில் எனக்குத் தெரிகிறது. இதை அவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். சொல்லாமல் பார்த்துக்கொண்டிருப்பது சரியில்லை.

நெட் அறுந்திருக்கும்போது வீட்டிலிருக்கும் ஆளுக்கு ஆப் உதவுமா என்பதையும் சோதித்துப் பார்த்தேன். மோடத்தின் ஃபைபரைப் பிடுங்கிவிட்டு, ரூட்டரின் வைஃபைக்குள் இருந்தபடி டெதரைத் திறந்தேன். ரூட்டரின் பாஸ்வேர்டைப் போட்டதும் நேரடியாகத் திறந்தது. நீங்கள் எந்த ஆப் எடுத்தாலும் வாங்கிய முதல் நாளே இப்படிச் செய்து பாருங்கள், மாற்றிக்கொள்ள அவகாசம் இருக்கும்போதே.

தார்சா அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். மோடத்தின் முகவரி, ரூட்டரின் முகவரி, இரண்டின் பாஸ்வேர்டு, கேபிள்கார அண்ணாச்சியின் நம்பர். கீழே அம்மா தன் கையெழுத்தில் சேர்த்திருக்கிறாள்: "செவப்பு மினுக்கினா அண்ணாச்சி, மினுக்கலைன்னா தம்பி."