பூச்சிமருந்து, குப்பைப் புகை, நான்ஸ்டிக், தண்ணீர் கேன்: மார்பகச் செல்லுக்கு எது பெரிய எதிரி?

மார்பகப் புற்றுநோய் பற்றிப் பேச்சு எடுத்தால், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண்கள் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்கிறார்கள்: "பருத்திக்காட்டு மருந்து, குப்பைப் புகை, நான்ஸ்டிக் தோசைக்கல், தண்ணீர் கேன்னு எல்லாத்தையும் சொல்றாங்க. எதை முதல்ல விடணும்?" எல்லாமே விஷம் என்று பதில் சொன்னால் அவர்களுக்கு ஒரு பயனும் இல்லை. நான் இரண்டு விஷயங்களை வைத்துத்தான் எடை போடுகிறேன். ரசாயனம் உடம்பில் எவ்வளவு காலம் தங்குகிறது? எந்த வயதில் மார்பகத்தைத் தொடுகிறது?

வயது ஏன் முக்கியம் என்றால், மற்ற உறுப்புகளைப் போல மார்பகம் பிறக்கும்போதே முழுமையாக உருவாகி வருவதில்லை. வயதுக்கு வரும் பருவத்தில்தான் பால் நாளங்கள் கிளைவிட்டு வளர்கின்றன. முதல் பிள்ளை பெறும்வரை அந்தச் செல்களுக்கு முழு முதிர்ச்சி வருவதில்லை. வேகமாகப் பிரிந்து பெருகும் அந்த ஆண்டுகளில் படும் அடி ஆழமாகப் படும்.

பருத்திக்காட்டு மருந்தில்தான் சான்று கனமாக இருக்கிறது. நம் கரிசல் காட்டில் கமாக்சின் தூளும் எண்டோசல்பானும் அடித்த தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. மலேரியாவுக்காக வீட்டுச் சுவரில் டிடிடி என்ற பூச்சிக்கொல்லியை அடித்துவிட்டுப் போனதை அப்பத்தாக்கள் இன்றும் சொல்வார்கள். விவசாயத்தில் டிடிடிக்கு 1989-லும், பிஎச்சி என்கிற கமாக்சினுக்கு 1997-லும் தடை வந்தது. எண்டோசல்பானை 2011-ல் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது.

டிடிடியையும் எண்டோசல்பானையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆய்வகத் தட்டில் மார்பகப் புற்றுச் செல்களை வளர்த்து, மார்பகச் செல்களை வளரச் சொல்லும் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் போல ஒரு ரசாயனம் நடிக்கிறதா என்று சோதிப்பார்கள். எம்சிஎஃப்-7 என்ற செல் வரிசைதான் இதற்கு வழக்கமாகப் பயன்படுவது. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் அனா சோட்டோ குழு 1994-ல் வெளியிட்ட சோதனையில் எண்டோசல்பான் அந்தச் செல்களைப் பெருகவைத்தது. டிடிடியின் ஒரு வடிவமும் அதையே செய்யும். தட்டில் இரண்டும் ஒரே குணம்தான். ஆனால் எண்டோசல்பானை உடம்பு சில நாட்களில் பெரும்பாலும் வெளியேற்றிவிடும். டிடிடி சிதைந்து டிடிஇ ஆகி, கொழுப்பில் பல ஆண்டுகள் உட்கார்ந்துகொள்ளும். மார்பகத்தில் கொழுப்புக்குக் குறைவில்லை.

இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது கலிஃபோர்னியாவில் பார்பரா கோன் குழு செய்த ஆய்வு. 1959 முதல் 1967 வரை பெண்களிடம் எடுத்துச் சேமித்திருந்த ரத்தத்தை அவர்கள் பின்னாளில் சோதித்தார்கள். டிடிடி பரவலாகப் புழக்கத்துக்கு வந்த 1945-ல் 14 வயது நிரம்பாதிருந்த பெண்களில், ரத்தத்தில் டிடிடி அதிகம் இருந்தவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் ஆபத்து ஐந்து மடங்கு. அதைவிட மூத்தவர்களிடம் அந்தத் தொடர்பே தெரியவில்லை. 2007-ல் வந்த முடிவு இது. நோய் வந்த நடுவயதில் ரத்தம் எடுத்துப் பார்த்த பல ஆய்வுகள் "டிடிடிக்கும் இதற்கும் தொடர்பில்லை" என்று முடித்ததற்குக் காரணம் இதுவாக இருக்கலாம் என்பது என் கருத்து. அந்த ஆய்வுகள் தேடிய வயது வேறு. 2015-ல் அதே குழு, தாயின் வயிற்றில் இருந்தபோதே டிடிடி அதிகம் பட்ட மகள்களுக்கும் ஆபத்து கிட்டத்தட்ட நான்கு மடங்கு என்று கண்டது.

அடுத்தது குப்பைப் புகையில் வரும் டயாக்சின் என்ற நச்சு. இதை யாரும் தயாரிப்பதில்லை, நாம் கொளுத்தும் நெருப்பில் தானே பிறக்கிறது. பிவிசி பிளாஸ்டிக்கில் குளோரின் இருக்கிறது, அதை எரித்தால் டயாக்சின் வரும். பழைய வயரைக் கொளுத்திச் செம்பு எடுத்துக் காயலான் கடையில் போடுகிறார்களே, அது மிக மோசம். செம்பே டயாக்சின் உருவாவதை முடுக்கிவிடும். உடம்பில் சேர்ந்த டயாக்சின் பாதி குறையவே 7 முதல் 11 ஆண்டுகள் பிடிக்கும். புகையை மூக்கில் இழுப்பது சிறு பங்குதான். 90 சதவீதத்துக்கு மேல் உணவு வழியாக வருகிறது. சாம்பல் புல்லில் படியும், மாடு மேயும், பாலில் இறங்கும். குப்பை எரிந்த இடத்தைக் கிளறி மேயும் நாட்டுக்கோழியின் முட்டையிலும் சேரும்.

தட்டில் டயாக்சின் டிடிடிக்கு நேர் எதிராக நடந்துகொள்கிறது. ஈஸ்ட்ரோஜனின் வேலையை அது அடக்குகிறது. அப்படியானால் நல்லதா? இல்லை. கருவிலேயே டயாக்சின் பட்ட எலிகளின் பால் சுரப்பி வளர்ச்சி கோணிப்போகிறது, பின்னால் கட்டி வரும் வாய்ப்பு கூடுகிறது. தட்டை மட்டும் நம்பினால் இது தெரிந்திருக்காது. மனிதர்களில், 1976-ல் இத்தாலியின் செவெசோவில் ரசாயன ஆலையிலிருந்து டயாக்சின் கசிந்த பிறகு அங்கிருந்த பெண்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். ரத்தத்தில் டயாக்சின் பத்து மடங்கு கூடினால் மார்பகப் புற்றுநோய் ஆபத்து இரு மடங்கு என்றது 2002 அறிக்கை. 2011-ல் மீண்டும் பார்த்தபோது அந்தத் தொடர்பு வலுவிழந்திருந்தது. எல்லாப் புற்றுநோய்களையும் சேர்த்துப் பார்த்தால் ஆபத்து தெளிவாக நின்றது.

நான்ஸ்டிக் பூச்சுத் தயாரிப்பில் முன்பு பயன்பட்ட பிஎஃப்ஓஏ என்ற ரசாயனமும் ஆண்டுக்கணக்கில் ரத்தத்தில் தங்கும். புற்று இல்லாத மார்பகச் செல்களையும் அது தட்டில் பெருகவைத்திருக்கிறது. 2023-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் பட்டியலில் சேர்த்தது. ஆனால் மனிதர்களில் அவர்கள் காட்டிய சான்று சிறுநீரகம், விதைப்பை பற்றியது. கல் சுரண்டிப்போயிருந்தால் இரும்புக் கல்லுக்கு மாறுங்கள், தோசையும் நன்றாக வரும். தண்ணீர் கேனில் சில வகைகள் பாலிகார்பனேட் என்ற கெட்டிப் பிளாஸ்டிக். அதிலுள்ள, ஈஸ்ட்ரோஜன் போல நடிக்கும் பிஸ்பினால் ஏ என்ற ரசாயனம் சில மணி நேரத்தில் சிறுநீரில் போய்விடும். தினமும் குடித்தால் தினமும் வரும் என்பதுதான் சிக்கல். கேனை வெயிலில் வைக்காதீர்கள்.

ஆக, என் வரிசையில் டிடிடிதான் மிகப் பெரிய எதிரி. ஆனால் சின்ன வயதில் பட்டதை இனி அழிக்க முடியாது. அந்தக் காட்டில் வளர்ந்த அக்காக்கள் கட்டி தட்டுப்பட்டால் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் போக வேண்டும். இன்றைக்கு நம்மால் நிறுத்த முடிந்தவற்றில் முதலிடம் குப்பை எரிப்பதற்குத்தான். பத்து வயதுப் பிள்ளை இருக்கும் தெருவில் போகிக்கு டயரும் பிளாஸ்டிக்கும் கொளுத்துவதை நான் மன்னிக்க மாட்டேன்.

இதைப் படித்துவிட்டு, கொழுப்பில் இருப்பது பாலில் இறங்குமே என்று யாரும் தாய்ப்பாலை நிறுத்திவிடக் கூடாது. இறங்குவது உண்மைதான். ஆனாலும் உலக சுகாதார நிறுவனம் தாய்ப்பாலையே பரிந்துரைக்கிறது. 30 நாடுகளின் 47 ஆய்வுகளை ஒன்றாக்கி 2002-ல் வெளியான கணக்கின்படி, பால் கொடுக்கும் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் தாயின் மார்பகப் புற்றுநோய் ஆபத்து 4.3 சதவீதம் குறைகிறது.